கல்யாண மாலையை ரெசினில் பதிக்க வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். முந்தாநாள் அக்காவுக்குக் கல்யாணம். மணமேடையில் மாற்றிக்கொண்ட இரண்டு மாலைகளும் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. பன்னீர் ரோஜா, சிவப்பு ரோஜா, சம்பங்கி, இடையிடையே மரிக்கொழுந்து. அக்கா தலையில் வைத்திருந்த மல்லிச்சரமும் கூடவே இருக்கிறது. இதையெல்லாம் எட்டு அங்குலச் சதுர அச்சில் எபாக்ஸி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி போல் இறுகும் பிசின்) ஊற்றிப் பதித்து, தலை ஆடிக்கு அக்காவும் மாமாவும் வரும்போது கொடுக்க ஆசை.

நான் இதற்கு முன்னால் ரெசின் தொட்டதில்லை. எந்த ரெசின் வாங்க வேண்டும், எவ்வளவு வேண்டும், பூவை எப்படித் தயார் செய்ய வேண்டும்? பக்கத்தில் ஒரு ஃபைபர் கடை இருக்கிறது. அங்கே டின்னில் ரெசின் மலிவாகத் தருகிறார்கள். அதையே வாங்கலாமா? வீட்டில் குழந்தைகள் உண்டு, தனி அறை கிடையாது. சமையலறை மேடைதான் காலியாக இருக்கும்.

சாமந்தி (திருச்சி)

தங்கச்சி, ரெசின் அப்புறம். முதலில் மாலையை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடு. அதுதான் இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை. ஃப்ரிட்ஜில் பூ வாடாமல் இருக்குமே தவிர, காயாது. ஈரத்தோடு ரெசினுக்குள் போன பூ சில வாரங்களில் உள்ளேயே பழுப்பாகி, சுற்றிப் புகைமூட்டம் மாதிரி வெளிறும். வெளியிலிருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது.

நாரை அறுத்துப் பூக்களைத் தனித்தனியாகப் பிரி. நசுங்கியது, ஓரம் கறுத்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடு. காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, பூவை வைத்து, மேலேயும் பூ மூழ்கும் வரை ஜெல்லைக் கொட்டு. மருந்துப் புட்டியில் வருகிற உருண்டை மணிகள் இதழில் பள்ளம் போட்டுவிடும். ரவை அளவில் பொடிமணலாகக் கிடைப்பதை வாங்கு. ஈரம் ஏறினால் நிறம் மாறும் மணிகள் கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. ஆரஞ்சு மணி போதும். தனி இதழ்கள் சில நாளில் காய்ந்துவிடும். முழு ரோஜாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சம்பங்கி சதைப்பற்றுள்ள பூ, அதைவிடவும் இழுக்கும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே. ரோஜாவின் வெளி இதழ் சலசலக்கும், காம்போடு சேரும் அடிப்பகுதியில் ஈரம் உட்கார்ந்திருக்கும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால், எல்லாப் பூக்களையும் ஒன்றாக வைத்து எடை பார். மறுபடி ஜெல்லில் வை. மறுநாளும் அதே எடை காட்டினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். குறைந்திருந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

நிறத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு மனசு கஷ்டப்படக் கூடாது. சிவப்பு ரோஜா காய்ந்தால் கறுத்த மெரூன் ஆகும். பன்னீர் ரோஜாவின் இளஞ்சிவப்பு ஓரளவு நிற்கும். சம்பங்கி தந்தநிறமாகும். மல்லி கட்டாயம் பழுப்பாகும், எப்படிக் காயவைத்தாலும் சரி. மதுரைக்காரியிடம் மல்லியை விட்டுவிடு என்று சொல்ல எனக்கும் மனசில்லை. ஆனால் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்து அதை நடுவில் வைக்காதே. சரத்தில் சின்னத் துண்டை ஒரு மூலையில் வளைத்து வை, அந்தப் பழுப்பே அழகாக இருக்கும்.

அலைவாய் (நாகப்பட்டினம்)

ஃபைபர் கடை ரெசினைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் படகு எல்லாம் அதில்தான் ஆகிறது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். எபாக்ஸி கிடையாது. திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் ஸ்டைரீன் வாடை வந்தால் அதுதான். அதை இறுகவைக்கக் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் (வினையைத் தூண்டும் திரவங்கள்) தனியாகத் தருவார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். தெரியாதவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாத சாமான்.

பூவுக்கும் அது சரிப்படாது. இறுகும்போது நன்றாகச் சுருங்கும், கெட்டியாக ஊற்றினால் விரிசல் விழும். அதோடு சமையலறையில் அந்த வாடை நாள்கணக்கில் நிற்கும். படகுக்கு அதுதான் சரி, பரிசுப் பொருளுக்கு எபாக்ஸி வாங்குங்கள்.

இன்னொன்று. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று இரண்டு சொட்டுக் கணக்கு. வெயிலைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தப் பழக்கத்தோடு எபாக்ஸிக்கு வருபவர்கள் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது ரெசினோடு கலக்கும் இரண்டாவது திரவத்தைக் கூட்டுவார்கள். அது பிசுபிசுவென்றே நின்றுவிடும்.

பீளமேடு (கோவை)

அலைவாய் சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் காயில்களுக்கு எபாக்ஸி ஊற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

எபாக்ஸியில் ஹார்டனர் வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருள் இல்லை. அதுவே இறுகிய பொருளின் உடம்பில் ஒரு பங்கு. ரெசின் மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் வந்து பிணைய வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஜோடி. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் ஜோடி சேராமல் மிஞ்சுவது உள்ளேயே திரவமாகக் கிடக்கும். பிசுக்கு என்று நாம் சொல்வது அதைத்தான். வீட்டில் எல்லோரும் அறிந்த அரால்டைட் டியூப் இரண்டும் இதே குடும்பம்தான். எம்-சீல்கூட எபாக்ஸிதான், பவுடர் சேர்த்துப் பிசைந்திருப்பார்கள்.

வினை நடக்கும்போது வெப்பம் வரும். வெப்பம் வந்தால் வினை வேகமாகும், வேகமானால் இன்னும் வெப்பம். பரவலாக ஊற்றினால் சூடு வெளியேறிவிடும். டம்ளரில் மொத்தமாக வைத்திருந்தால் போக வழியில்லை. கோப்பை உருகிப் புகை கிளம்பும் அளவுக்குப் போகும். பாட்டிலில் 40 நிமிடம் வேலை நேரம் என்று போட்டிருப்பார்கள். அது பொதுவாக 25 டிகிரிக்கான கணக்கு. 10 டிகிரி கூடினால் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். உங்கள் ஊர் 35 டிகிரியில் கையில் இருப்பது 20 நிமிடம்தான். விடியற்காலையில் ஊற்றுங்கள். கலந்ததில் மிஞ்சினால் அதைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். வெளியே சிமென்ட் தரையில், காகிதம் துணி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, இறுகி ஆறிய பிறகு அப்புறப்படுத்துங்கள். சிங்க்கில் ஊற்றவே வேண்டாம்.

அடுத்தது கை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல தடவை பட்ட பிறகு ஒருநாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் துளி பட்டாலும் அரிப்பு, கொப்புளம், கண் இமை வீக்கம். ஆயுளுக்கும் மாறாது. எங்கள் பிரிவில் கைதேர்ந்த ஒருவர் இதனால் வேறு பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. நைட்ரைல் கையுறை போடுங்கள், மெல்லிய லேடெக்ஸ் போதாது. பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். தின்னர், அசிட்டோன் கொண்டு துடைத்தால் ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்புவதுதான் நடக்கும்.

சமையலறை மேடை வேண்டாம், அம்மா. மாடிப்படி அறையோ பால்கனியோ பாருங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பூக்களைப் பிரித்து ஜெல்லில் வைத்தாயிற்று. ஃபைபர் கடையை மறந்துவிட்டேன். மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டார் அறை இருக்கிறது, ஜன்னல் உண்டு, பூட்டும் வசதி உண்டு.

சார், கடையில் காட்டிய பாட்டிலில் நச்சில்லாதது என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதற்கும் மாஸ்க் வேண்டுமா? துணி மாஸ்க் போதுமா? அப்புறம் எட்டு அங்குல அச்சு, இரண்டு செ.மீ. ஆழம். எவ்வளவு வாங்க?

பீளமேடு

அந்த வாசகத்தைக் கண்டு கையுறையைக் கழற்றிவிட வேண்டாம். ஏ.எஸ்.டி.எம். டி-4236 என்ற எண்ணும் சில பாட்டில்களில் இருக்கும். நீண்டகால ஆபத்து இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்கிற அமெரிக்க நெறி அது. இறுகாத திரவம் தோலுக்குப் பாதுகாப்பானது என்ற சான்றிதழ் கிடையாது.

துணி மாஸ்க்கும் என்-95-உம் ஆவியைத் தடுக்காது. தூசியைத்தான் என்-95 தடுக்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது அதைப் போடுங்கள். ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்குவார்களே, அது. ஒரு தடவைதானே என்று தோன்றும். இந்தக் கலையைத் தொட்டவர்கள் ஒரு தடவையோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை.

மரத்தூள் (சென்னை)

அளவு நான் சொல்கிறேன். எட்டு அங்குலம் சுமார் 20 செ.மீ. 20 × 20 × 2 என்றால் 800 கன செ.மீ., அதாவது 800 மி.லி. கலந்த எபாக்ஸி மி.லி.க்கு ஏறக்குறைய 1.1 கிராம், ஆக 880 கிராம். பூ கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும், கோப்பையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பயிற்சிக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ செட் வாங்குங்கள்.

வாங்கும்போது லேபிளில் ஒன்றைக் கவனியுங்கள். 2:1 என்று இருக்கும். எடையிலா, கன அளவிலா? பலபேர் இடறும் இடம் இதுதான். ரெசின் கனமானது, மி.லி.க்கு சுமார் 1.15 கிராம். ஹார்டனர் லேசு, 0.97 பக்கம். கன அளவில் 2:1 என்றால் 200 மி.லி. ரெசின் 230 கிராம், 100 மி.லி. ஹார்டனர் 97 கிராம். எடையில் அது 100-க்கு 42. இதைத் தராசில் வைத்து 100-க்கு 50 என்று ஊற்றினால் ஹார்டனர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். லேபிள் எடைக் கணக்கு என்றால் தராசு, கன அளவு என்றால் கோடு போட்ட கோப்பை. மாற்றாதீர்கள்.

டேபிள்-டாப் என்று விற்பது ஒரு தடவைக்குச் சில மி.மீ. வரை ஊற்ற. டீப்-போர் என்பது செ.மீ. கணக்கில் ஊற்ற, மெதுவாக இறுகும். உங்கள் ஊர் சூட்டுக்கு டீப்-போர் நிதானம் தரும். அதையும் இரண்டு செ.மீ. மொத்தமாக ஊற்றாமல் அடுக்காகப் போனால்தான் பூ இடத்தில் நிற்கும். அச்சை வைக்கும் பலகைக்கு ரசமட்டம் பாருங்கள். மோட்டார் அறைத் தரை வாட்டமாக இருந்தால் ஒரு பக்கம் தடித்துவிடும். மோட்டார் ஓடும்போது அதிர்வும் இருக்கும், அன்றைக்குத் தண்ணீரை முன்பே ஏற்றிவிடுங்கள்.

நீலமலை (உதகை)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதற்கு யூ.வி. ரெசின் (புற ஊதா விளக்கில் இறுகுவது) சுலபமில்லையா? கலக்க வேண்டாம், அளக்க வேண்டாம், விளக்கைக் காட்டினால் சில நிமிடத்தில் இறுகிவிடும். நான் கம்மல், சாவிக்கொத்தெல்லாம் அதில்தான் செய்கிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி. எபாக்ஸி பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தே அடியில் வெள்ளையாகக் குருணை கட்டிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

சாமந்தி

கம்மலுக்கு யூ.வி. நல்லதுதான், அக்கா. ரோஜாவின் அடியில் விளக்கு வெளிச்சம் எட்டாது. எட்டாத இடத்தில் ரெசின் திரவமாகவே கிடக்கும். மூடிய மேல்பாகத்தைப் பார்த்து இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். மெல்லிய அடுக்குக்கு மட்டும் யூ.வி.

பீளமேடு

நீலமலை அம்மா, கெடவில்லை. குளிருக்கு எபாக்ஸி இப்படிப் படிகமாவது வழக்கம், உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். மூடியை இறுக்கி, சுமார் 50 டிகிரி வெந்நீரில் பாட்டிலை நிறுத்துங்கள். குருணை ஒன்றுகூட இல்லாமல் தெளிந்த பிறகு ஆறவிட்டு எடுங்கள். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதைச் சுற்றி மறுபடி கட்டும்.

வைகைக்கரை

எடை இன்னும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் காத்திருக்கிறேன். இதற்கிடையில் காய்ந்த காகிதப்பூவை வைத்துச் சின்ன வட்ட அச்சில் ஊற்றிப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் இங்கே மழை. காலையில் பார்த்தால் மேலே மங்கலாக ஒரு படலம், எண்ணெய் தடவியது போல் வழுக்குகிறது. அடியில் கண்ணாடியாக இறுகியிருக்கிறது. அளவு தராசில் பார்த்தேன், லேபிளிலும் எடைக்கணக்குதான். எங்கே பிசகு?

பீளமேடு

உங்கள் அளவில் பிசகு இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது ஈரக்காற்றின் வேலை. இறுகும் நேரத்தில் மேற்பரப்பில் இருக்கும் அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து ஒரு உப்புப் படலமாகிவிடும். தண்ணீரில் கரையும். கழுவாமல் அடுத்த அடுக்கை ஊற்றினால் பிற்பாடு அந்த அடுக்கு தோல் மாதிரி உரிந்து வரும். கழுவித் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். தேய்த்துவிட்டுக் கழுவினால் படலம் கீறலுக்குள் இறங்கிவிடும், வரிசையை மாற்றாதீர்கள்.

சோப்புக்கும் போகாமல் இழுபட்டால் அது கலவையில் வந்த குறை. அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது ஒன்றுதான் வழி.

வைகைக்கரை

சோப்புக்குப் போய்விட்டது சார்! கீழே கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாலைப் பூவும் இரண்டு நாளாக ஒரே எடையில் நிற்கிறது. இனி ஊற்றும் முறையைச் சொல்லுங்கள் அக்கா.

சாமந்தி

மழை இல்லாத நாளாகப் பார். ரெசின் பாட்டிலை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி, குமிழி தானாக மேலே வரும். மதுரையில் ஜூன் மாதம் அதுவும் தேவைப்படாது. வழவழப்பான பிளாஸ்டிக் கோப்பையில் ரெசினை முதலில் ஊற்று, பிறகு ஹார்டனர். மெழுகு பூசிய பேப்பர் கப் வேண்டாம், குச்சியோடு மெழுகு உரிந்து வரும். தட்டைக் குச்சியால் மெதுவாகக் கலக்கு. அடியையும் பக்கவாட்டையும் வழித்து வழித்து, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். சர்க்கரைப் பாகில் தண்ணீர் விட்டால் நெளியாகக் கோடு தெரியுமே, அது கண்ணுக்குத் தெரியும் வரை கலவை ஆகவில்லை. தெளிந்ததும் வேறு சுத்தமான கோப்பைக்கு மாற்றி, புதுக் குச்சியால் இன்னும் ஒரு நிமிடம். பழைய கோப்பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின் அச்சுக்குள் வராமல் இருக்கத்தான் இந்த மாற்றல். கடைசிச் சொட்டை வழித்து ஊற்றாதே.

முதல் அடுக்கு மெல்லிசாக, பூ இல்லாமல். அது இறுகத் தொடங்கி, கையுறை விரலின் தடம் பதியும், ஆனால் விரலோடு இழுத்து வராது என்ற நிலைக்கு வரட்டும். அந்த நேரத்தில் அடுத்த அடுக்கு போனால் இரண்டும் வேதியியலாகவே ஒன்றாகிவிடும், நடுவில் கோடு தெரியாது. அச்சில் ஊற்றுவது தலைகீழாகத்தான் வெளியே வரும் என்பதை மறக்காதே. முகப்பு கீழே.

பூவை அப்படியே வைத்தால் இதழிடுக்கில் சிக்கிய காற்று மணிக்கணக்கில் குமிழியாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் கலந்த ரெசினை மெல்லிய தூரிகையால் உள்ளும் புறமும் தடவி, பிறகு இறக்கு. சம்பங்கி, மல்லி போன்ற மெல்லிய வெளிர் இதழ்கள் ரெசின் பட்டால் ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க முதல்நாளே வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்துவிடு, அப்புறம் மறுபடி எடை பார். பூ பாதி மூழ்கும் வரை ஊற்றி, அது பிடித்துக்கொண்ட பிறகு மீதி. மொத்தமாக ஊற்றினால் ரோஜா எழும்பி மிதக்கும்.

மரத்தூள்

குமிழிக்கு டார்ச் காட்டுங்கள். கைவிளக்கு இல்லை, தீச்சுடர் வரும் சின்ன பியூட்டேன் டார்ச், ஓரிரு நொடி மேலே ஓட்டினால் போதும். லைட்டர் வேண்டாம், கரி படியும்.

சாமந்தி

அண்ணா, உங்கள் மரப்பலகைக்கு டார்ச் சரி. சிலிக்கான் அச்சும் காய்ந்த பூவும் இருக்கும் இடத்தில் நான் நெருப்பைக் காட்ட மாட்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் நுனி நொடியில் கருகும், அச்சும் பழுதாகும். பல்குச்சியால் குத்தி எடுக்கலாம். கடைசி அடுக்கில் பூ முழுக்க மூழ்கிய பிறகு, நடுவில் மட்டும் டார்ச் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்ப்ரே பாட்டிலில் ஸ்பிரிட் அடித்துக் குமிழி போக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதையும் டார்ச்சையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளாதே, தங்கச்சி.

மரத்தூள்

ஒப்புக்கொள்கிறேன், பூ வேலையில் உங்களுக்குத்தான் அனுபவம். மரத்தில் நிலைமை வேறு. அங்கே துளைகளிலிருந்து காற்று கிளம்பும், அதனால் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துத் துளைகளை அடைத்துவிட்டுத்தான் ஊற்றுவோம்.

நீலமலை

வைகைக்கரை, மிஞ்சும் ரெசினில் டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு செய்ய நினைத்தால் ஒன்று சொல்கிறேன். சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரிக்கே இளக ஆரம்பிக்கும். அப்போதுதான் ஆற்றிய சூடான ஃபில்டர் காபியை டபராவோடு வைத்தால் வளையம் பதியும். வெப்பம் தாங்கும் என்று எண் போட்டு விற்பதைத் தனியாக வாங்க வேண்டும். சாப்பாடு நேராகப் படும் தட்டு, வெட்டும் பலகை எல்லாம் செய்யாதீர்கள். கத்தி கீறிய துகள் உணவில்தான் போகும்.

வைகைக்கரை

இல்லை அக்கா, மிஞ்சியதில் மாமா பெயர் எழுத்தைச் சாவிக்கொத்தாக ஊற்றலாம் என்றிருக்கிறேன். முதல் அடுக்கு இன்று விடியற்காலை ஊற்றியாயிற்று. தடம் பதியும் நிலை பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டது, பீளமேடு சார் சொன்ன கணக்கு அப்படியே. பூவையும் இறக்கிவிட்டேன். பன்னீர் ரோஜா நடுவில், மல்லி இடது மூலையில், மரிக்கொழுந்து ஓரம் முழுக்க. எப்போது அச்சிலிருந்து எடுக்கலாம்? சுவரில் எங்கே மாட்டச் சொல்லலாம்?

பீளமேடு

கடைசி அடுக்குக்குப் பிறகு ஒரு முழு நாள் அச்சிலேயே இருக்கட்டும். டீப்-போர் என்றால் மூன்று நாள் வரை லேபிள் சொல்லும், அதைக் கேளுங்கள். கெட்டியாகிவிட்டது போல் தோன்றினாலும் முழு வலு வர ஒரு வாரம் ஆகும். அதுவரை தட்டையாகப் படுக்கவைத்திருங்கள். சாய்த்து நிறுத்தினால் வளையும். பரிசுத்தாளும் அதற்குப் பிறகுதான், இல்லாவிட்டால் தாளின் மடிப்பு மேலே பதியும்.

வெயில் விழும் சுவர் வேண்டாம். எல்லா எபாக்ஸியும் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். தடுப்பான் சேர்த்தது தாமதமாக ஆகும், அவ்வளவுதான். பூவின் நிறமும் வெயிலில்தான் முதலில் போகும். உள்ளறையில், ஜன்னலுக்கு எதிரில்லாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சரி சார். கடைசியாக ஒன்று: ஹார்டனர் பாட்டில் திறந்து இரண்டு வாரத்துக்குள் லேசாக மஞ்சளாகியிருக்கிறது. சாவிக்கொத்துக்கு அதைப் பயன்படுத்தலாமா?

பீளமேடு

பயன்படுத்தலாம். காற்றுப் பட்டால் அமீன் நிறம் மாறும், பிணையும் வேலையை அது கெடுக்காது. ஆனால் கண்ணாடித் தெளிவு வராது, அதனால் மைக்கா பவுடர் (மினுங்கும் நிறப்பொடி) ஏதாவது கலந்து நிறமாக ஊற்றிவிடுங்கள். மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நிறம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் வேண்டாம். மூடியின் புரியில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு இறுக்கி மூடி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.